ஆமைக்கு வயது என்ன?



பாடசாலை அதிபர் ஒருவருக்கு வயதைக் கணக்கிடுவது புதிய வேலையன்று. ஆண்டுத் தொடக்கத்தில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை ஒன்றாவது வந்து நிற்பதுண்டு. வீட்டோடு பத்திரங்களும் எரிந்துபோயிருக்கும். அல்லது இடம்பெயர்ந்த அவசரத்தில் பிறப்பைப் பதிவு செய்ய எவருக்கும் நேரம் இருந்திராது. அத்தகைய பிள்ளையின் பெற்றோரைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புவோம். அங்கே விசாரணை நடத்தி, உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒன்றை வழங்குவார்கள். அந்தப் பெயரில் உள்ள நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். இதுதான் வயது என்று அது சாதிப்பதில்லை. கிடைத்த சான்றுகளைக் கொண்டு இவ்வளவு எனக் கொள்ளலாம் என்று மாத்திரமே கூறுகிறது.

முதியோர் விடயத்திலும் இவ்வாறே. "சூறாவளி அடித்தது எனக்கு நல்ல நினைவு" என்று மன்னார்ப் பகுதியில் ஒருவர் சொன்னால், அவர் குறிப்பிடுவது 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதச் சூறாவளியை என்பது நமக்குத் தெரியும். நினைவில் நிற்க வேண்டுமானால் அப்பொழுது அவருக்கு நான்கு வயதாவது நிரம்பியிருத்தல் வேண்டும். ஆகவே அவர் 1960-ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர் அல்லர். அதற்கு எவ்வளவு முன் பிறந்தவர் என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சான்று வேண்டும்.

மனிதர்களின் வயதைப் பற்றி நான் கற்றுக்கொண்ட இந்த எளிய முறை, ஒரு நாள் ஆமை ஒன்றின் வயதைப் பற்றிச் சிந்திக்கவும் உதவியது. அந்தக் கதையையும், அதன் வழியாக ஆமையின் வயதை அறியும் வகைகளையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2012-ஆம் ஆண்டில் மன்னார்ப் பெருநிலப் பரப்பிலுள்ள ஒரு கிராமப் பாடசாலையில் நான் கடமையாற்றிக் கொண்டிருந்தேன். 1990-இல் ஊரைவிட்டுப் போனவர்கள், போர் முடிந்தபின் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்து, காடு பற்றிக் கிடந்த தம் வளவுகளை வெளியாக்கிக் கொண்டிருந்த காலம் அது. பாடசாலைக்கு அடுத்த வளவில் ஒரு மூதாட்டி தம் மகளோடு குடியிருந்தார். மாரி தொடங்கியதும் அந்த வளவுக்கு ஓர் ஆமை வரும். பின்புறத்துப் பற்றைக் காட்டிலிருந்து மெல்ல மெல்ல நடந்து வந்து, கிணற்றடியில் உதிர்ந்து கிடக்கும் கொய்யாப் பழத்தைத் தின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிவிடும். எவரும் அதைக் கட்டிவைப்பதில்லை, அடைத்துவைப்பதுமில்லை.

அது நட்சத்திர ஆமை என்னும் இனத்தைச் சேர்ந்தது. கரிய ஓட்டின்மேல், ஒவ்வொரு தட்டின் நடுவிலிருந்தும் மஞ்சள் நிறக் கதிர்கள் விண்மீன்போல் விரிந்திருக்கும். நமது நாட்டின் வரண்ட வலயத்துக்குரிய தரை ஆமை இது ஒன்றே. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் என்பவரும், புத்தளம், சிலாபம் ஆகிய இடங்களைச் சுற்றி இவ்வாமை மிகுதியாகக் காணப்பட்டதென்று தமது நூலில் எழுதியிருக்கிறார்.

அந்த மூதாட்டிக்கு ஒரு மகன் இருந்தான். 1980-களில் அவன் சிறுவனாயிருந்தபோது, காட்டில் விறகு பொறுக்கச் சென்ற இடத்தில் ஓர் ஆமையைக் கண்டு தூக்கிவந்து, வீட்டில் வளர்த்தான். 1990-இல் ஊர் கலைந்தபோது ஆமை வளவிலேயே விடப்பட்டது. பின்னர் வந்த ஆண்டுகளில் மகன் காணாமற் போனான். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார், நானும் கேட்டதில்லை. திரும்பி வந்தபின் கிணற்றடியில் ஆமையைக் கண்டதும், "இது அவன் வளர்த்த ஆமைதான்" என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

இந்த நிலையில் இளம் ஆசிரியர் ஒருவர் மாணவரோடு அங்கே சென்று, ஆமையோட்டின் தட்டிலுள்ள வளையங்களை எண்ணிப் பார்த்தார். 17 வளையங்கள் இருந்தன. "மரத்துக்கு வளையம் எண்ணுவது போலத்தான். இதற்கு 17 வயது" என்று அவர் விளக்கினார். 17 வயது என்றால் அது 1995-இல் பிறந்தது. அப்படியானால் மகன் வளர்த்த ஆமையாக அது இருக்க முடியாது. அயலில் இருந்த பெரியவர் ஒருவரோ, "உதென்ன கதை, இது நூறு வயதுக்கு மேற்பட்ட ஆமை" என்று வேறொரு பக்கம் இழுத்தார். மறுநாட் காலை அந்த மூதாட்டி என் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லு. இது என்ரை பிள்ளை வளர்த்த ஆமையோ, இல்லையோ?"

நேயர்களே, ஆசிரியர் பொய் சொல்லவில்லை. அவர் எண்ணியது சரி. எண்ணிக்கைக்கு அவர் கொடுத்த பொருளே ஆராயப்பட வேண்டியது. ஆகவே முதலில் அந்த வளையம் என்பது யாதென்று பார்ப்போம்.

ஆமையின் ஓடு இரண்டு அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு எலும்பு. அது முதுகெலும்போடும் விலாவெலும்புகளோடும் ஒன்றாய்ப் பிணைந்தது. ஆகையால் ஓட்டைவிட்டு ஆமை வெளியே வரும் என்பது வெறும் கதை. வெளியடுக்கோ, நம் நகமும் மாட்டின் கொம்பும் எப்பொருளால் ஆனவையோ, அப்பொருளால் ஆன தட்டுகளைக் கொண்டது. இவற்றைக் கொம்புத் தட்டுகள் என்று சொல்லிக் கொள்வோம். மேலோட்டின் நடுவில், தலைமுதல் வால்வரை ஒரு வரிசையில் 5 தட்டுகளும், இரு பக்கங்களிலும் நந்நான்காக 8 தட்டுகளும், ஓரத்தைச் சுற்றிச் சிறு தட்டுகளும் உள்ளன. இந்த எண்ணிக்கை ஆமை முட்டையிலிருந்து வெளிவரும்போதே தீர்மானமாகிவிடும். பின்னர் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

குஞ்சு பிறக்கும்போது ஒவ்வொரு தட்டும் சிறியதாக, நுண்ணிய மணிகள் பதித்ததுபோற் சொரசொரப்பாக இருக்கும். ஆமை வளர வளர, பழைய தட்டின் அடியில் அதைவிட அகலமான புதிய படை உண்டாகிறது. அதன் விளிம்பு பழையதற்கு வெளியே தெரியும். வளர்ச்சி மந்தமாகும் காலத்தில் விளிம்பிலே ஒரு பள்ளக் கோடு விழும். மீண்டும் வளர்ச்சி தொடங்கும்போது அதற்கு அப்பால் இன்னொரு படை தோன்றும். இவ்வாறு கோடும் படையும் மாறிமாறி வருவதையே நாம் வளையம் என்கிறோம். ஆகவே வளையம் குறிப்பது ஆண்டையன்று. ஒரு காலம் வளர்ந்தது, ஒரு காலம் ஓய்ந்தது என்பதையே அது குறிக்கிறது.

குளிர் நாடுகளில் ஆண்டுக்கு ஒரு பனிக்காலம். மரமும் அப்போது ஓய்கிறது. ஆமையும் மண்ணுள் புதைந்து உறங்குகிறது. அங்கே ஓர் ஓய்வு ஓர் ஆண்டோடு பெரும்பாலும் ஒத்துப்போகலாம். நமது வரண்ட வலயத்தின் காலக்கணக்கு வேறு. ஐப்பசி தொடங்கித் தைவரை மாரி. அப்போது புல்லும் கொடியும் தழைக்கும். ஆமை வயிறாரத் தின்னும். பின்னர் சித்திரையில் சில நாட் சிறுமழை. அதன்பின் சோளகக் காற்று வீசும் நெடுங்கோடை. அப்போது ஆமை பற்றைக்குள் ஒதுங்கி அதிகம் நடமாடாமற் கிடக்கும். மாரி ஒரு வளர்ச்சி, சித்திரை மழை இன்னொரு வளர்ச்சி என்றால், ஓர் ஆண்டில் இரண்டு வளையம் விழலாம். மாரி பொய்த்த ஆண்டில் ஒன்றும் விழாமலே போகலாம். வீட்டில் நாள்தோறும் உணவு பெறும் ஆமைக்கோ ஓய்வே இல்லாமையால், கோடுகள் தெளிவின்றி ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கடல் ஆமையொன்றின் உதாரணத்தைப் பாருங்கள். சீப்பும் சிமிழும் செய்வதற்காக ஒரு காலத்தில் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டது அழுங்காமை. அதன் தட்டிலுள்ள கோடுகளை ஹவாய்த் தீவுகளில் ஆராய்ந்த அறிஞர்கள் 2016-இல் தம் முடிவை வெளியிட்டனர். 1950-களிலும் 1960-களிலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால், காற்றிலும் கடலிலும் ஒருவகைக் கதிரியக்கக் கரியின் அளவு திடீரென உயர்ந்தது. உயிர்கள் அனைத்தும் அதை உணவோடு உட்கொண்டன. தட்டின் எந்தப் படையில் அவ்வுயர்வு காணப்படுகிறதோ, அந்தப் படை எந்த ஆண்டுக்குரியது என்று சொல்லிவிடலாம். இந்த உண்மையான நாட்காட்டியோடு கோடுகளை ஒப்பிட்டபோது, ஆண்டுக்கு ஒன்றல்ல, ஏறக்குறைய 8 கோடுகள் விழுகின்றன என்று தெரியவந்தது. கோடு ஒன்றுக்கு ஆண்டு ஒன்று என்று எண்ணியிருந்தால், 10 வயது ஆமையை 80 வயதுக் கிழமாக்கியிருப்போம்.

தரை ஆமை, நன்னீர் ஆமை ஆகியவற்றின் வளையங்களைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் அமெரிக்க ஆய்வாளர் மூவர் 2003-இல் ஒருங்கே பரிசீலித்தனர். வளையம் ஆண்டுக்கு ஒன்றுதானா என்று சோதித்துப் பாராமலே பலர் அதை வயதுக் கணக்காகக் கொண்டிருந்ததை அவர்கள் எடுத்துக் காட்டினர். வளையம் பயனற்றது என்பது இதன் பொருளன்று. வளரும் பருவத்து இளம் ஆமைகளில், அந்தந்த இடத்தில் முன்கூட்டிச் சோதித்து அறிந்திருந்தால், வளையத்தைக் கொண்டு வயதை ஓரளவு கூறலாம். பருவமடைந்தபின் வளர்ச்சி மிகவும் குறைந்துவிடும். அப்போது விழும் வளையங்கள் நூலிழைபோல் நெருங்கி ஒன்றின்மேலொன்றாய் மறைந்துவிடும். அதற்கும் பின், பற்றையிலும் கல்லிலும் ஆண்டுக்கணக்காக உராய்ந்து, தட்டின் நடுப்பகுதி தேய்ந்து வழுவழுப்பாகும். முதலில் விழுந்த வளையங்களே முதலில் அழிவனவாம். முன்பக்கங்கள் கிழிந்துபோன, பின்பக்கங்கள் ஒட்டிக்கொண்ட பதிவேட்டைப் போன்றது முதிய ஆமையின் ஓடு. மீதியுள்ள பக்கங்களை எண்ணி அப்பதிவேட்டின் காலத்தைச் சொல்ல முடியுமா?

கிணற்றடி ஆமையை நான் கையிலெடுத்துப் பார்த்தேன். தட்டுகளின் நடுப்பகுதி தேய்ந்து மழுங்கியிருந்தது. விளிம்பை நகத்தால் வருடியபோது, எண்ண முடியாத அளவுக்கு நுண்ணிய கோடுகள் நெருங்கிக் கிடந்தன. அந்த ஆசிரியர் எண்ணிய 17, இடையே தெளிவாயிருந்தவை மாத்திரமே. அது முழு வளர்ச்சி அடைந்து நெடுநாளான ஆமை. அவ்வளவுதான் ஓடு சொல்லியது. 30 என்றோ 60 என்றோ அது சொல்லவில்லை.

பருமனைக் கொண்டு சொல்லலாமே என்பீர்கள். அதுவும் ஏமாற்றக் கூடியதே. நிறைய உண்ட ஆமை சில ஆண்டுகளிலேயே பெருத்துவிடும். தகாத உணவும் உலர்ந்த இடமும் சேர்ந்தால் ஓடு கூம்புகூம்பாக மேடுதட்டி, இளம் ஆமையும் கிழம்போற் காட்சி தரும். உணவின்றி மெலிந்ததோ பல்லாண்டு சென்றும் சிறியதாகவே இருக்கும். அன்றியும் நட்சத்திர ஆமையில் ஆணைவிடப் பெண் பெரிது. ஆண் எது, பெண் எது என்று அறியாமல் அளவைக் கொண்டு வயது கூறுவது, அண்ணனையும் தங்கையையும் பக்கத்திற் பக்கம் நிறுத்தி, உயரமானவரே மூத்தவர் என்று சொல்வதை ஒக்கும்.

மனிதருக்கு நரையும் திரையும் வயதைக் காட்டிக்கொடுக்கும். ஆமைக்கு அந்த அடையாளமும் இல்லை. மிருகக்காட்சிசாலைகளில் வாழ்ந்த 52 இன ஆமைகளின் பதிவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றுள் முக்காற்பங்கு இனங்களில் மூப்பு மிக மெதுவாகவே நிகழ்கிறது, அல்லது நிகழ்வதாகவே தெரியவில்லை என்று 2022-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். 40 வயதுக்கும் 80 வயதுக்கும் முகத்தில் வேறுபாடு காணாவிட்டால், முகத்தைப் பார்த்து என்ன கூறுவது?

வேறு விஞ்ஞான முறைகளும் உண்டு. இறந்த ஆமையின் முன்கால் எலும்பை மெல்லிய வில்லையாய் அறுத்து, அதிலுள்ள கோடுகளை நுணுக்குக்காட்டியில் எண்ணலாம். ஆனால் எலும்பு உள்ளிருந்து கரைந்து புதுப்பிக்கப்படுவதால், இளமைக் காலக் கோடுகள் அங்கும் அழிந்துபோகும். பசுங்கடலாமைபோன்ற சில இனங்களில், தோலிற் சிறு துண்டை எடுத்து, அதிலுள்ள மரபுப் பொருளில் வயதோடு ஏற்படும் இரசாயன மாற்றங்களைக் கொண்டு வயதை மதிப்பிடும் முறையும் அண்மைக் காலத்தில் உருவாகியுள்ளது. இவையெல்லாம் ஆய்வுகூடத்துக்குரியவை. கிராமத்துக் கிணற்றடியில் நின்று கேட்கப்படும் கேள்விக்கு அவை உடனே உதவமாட்டா.

அப்படியானால் உலகில் நெடுங்காலம் வாழ்ந்த ஆமைகள் என்று புகழ்பெற்றவற்றின் வயது எவ்வாறு தெரிந்தது? ஓட்டைப் பார்த்தல்ல, எழுத்தைப் பார்த்து.

1766-ஆம் ஆண்டில் மரியோன் டு பிரெஸ்ன் என்ற பிரெஞ்சுக் கடலோடி, செய்செல்ஸ் தீவிலிருந்து ஓர் இராட்சத ஆமையை மொறீசியஸ் தீவுக்குக் கொண்டுவந்தார். அது படைவீரர் குடியிருப்பில் வளர்ந்து, 1918-இல் ஒரு விபத்தில் இறந்தது. இடைப்பட்ட காலம் 152 ஆண்டுகள். அது வரும்போதே வளர்ந்த ஆமையாதலால், உண்மை வயது 152-க்கும் அதிகம். எவ்வளவு அதிகம்? அதற்குப் பதிவில்லை.

அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென்ற் ஹெலினாத் தீவின் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் வளர்ந்த ஜொனதன் என்னும் ஆமையின் கணக்கும் இத்தகையதே. 1882-இல் அது செய்செல்ஸிலிருந்து அத்தீவுக்கு வந்தபோது முழு வளர்ச்சி அடைந்திருந்தது என்பதற்குப் பழைய சான்று உண்டு. முழு வளர்ச்சிக்கு 50 ஆண்டாவது ஆகியிருக்கும் என்று கொண்டு, அது பிறந்தது 1832 எனக் குறித்தார்கள். 2022-ஆம் ஆண்டில் ஆளுநர் அதற்கு 1832 டிசம்பர் 4 என்று ஒரு பிறந்த நாளையும் வழங்கினார். 190-ஆம் பிறந்த நாளும் கொண்டாடப்பட்டது. நாம் பிள்ளைகளுக்கு வழங்கும் உத்தேசச் சான்றிதழ் போன்றதே அதுவும். கொண்டாட்டத்துக்கு ஒரு தேதி வேண்டும். ஆராய்ச்சிக்கு அத்தேதி சான்றாகாது.

எழுத்து இல்லாத இடத்தில் பெருமை புகுந்துகொள்ளும். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இறந்த அத்வைதா என்ற ஆமைக்கு 250 வயது என்றும், அது ரொபேட் கிளைவ் வளர்த்தது என்றும் சொல்லப்பட்டது. அது அந்த மிருகக்காட்சிசாலைக்கு வந்தது 1870-களின் நடுப்பகுதியில். ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் ஆதாரம் இருக்கிறது. மீதி செவிவழிச் செய்தி. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவில் இறந்த ஹரியற் என்ற ஆமையை, டார்வின் கலாபகோஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்தது என்றார்கள். மரபுப் பொருளை ஆராய்ந்தபோது, அது டார்வின் கால்வைக்காத ஒரு தீவின் இனத்தைச் சேர்ந்தது எனத் தெரிந்தது. அயலிலிருந்த பெரியவரின் "நூறு வயது" என்ற கூற்றும் இவ்வகையினதே. ஆமை என்றால் நூறு என்று சொல்லும் வழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு.

இவற்றையெல்லாம் மனதிற் கொண்டு, அந்த மூதாட்டியிடம் ஒன்று கேட்டேன். "அம்மா, ஏதாவது பழைய படம் இருக்கிறதா?"

அவர் வீட்டுக்குப் போய், துணியிற் சுற்றிய ஒரு படத்தைக் கொண்டுவந்தார். ஊரைவிட்டுப் போனபோது அவர் எடுத்துச் சென்ற சில பொருள்களில் அதுவும் ஒன்று. கறுப்பு வெள்ளைப் படம். கிணற்றுக் கட்டின் முன்னால் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு கைகளாலும் ஓர் ஆமையைப் பிடித்து, அதன் முதுகைப் படம் எடுப்பவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். பின்புறத்தில் நிழற்படப் பிடிப்பாளரின் முத்திரையும், 1984 என்ற ஆண்டும் இருந்தன.

பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்துவரச் செய்து, படத்தை வெயிலிற் பிடித்துப் பார்த்தோம். நடுவரிசைத் தட்டுகள் 5 இருக்க வேண்டும் என்று முன்னர் சொன்னேன். படத்திலுள்ள ஆமைக்கு 6 இருந்தன. நான்காவது தட்டு சரிவாகப் பிளந்து இரண்டாயிருந்தது. இடப்பக்கத்துத் துண்டு பெரிது, வலப்பக்கத்துத் துண்டு சிறிது. பின் கிணற்றடிக்குச் சென்று ஆமையைப் பார்த்தோம். அதன் நடுவரிசையிலும் 6. அதே நான்காவது தட்டு, அதே சரிவு, அதே இடப்பக்கம் பெரிது.

இத்தகைய பிளவு வேறு ஆமைகளிலும் அபூர்வமாகக் காணப்படுவதுதான். அதை நான் மறைக்கவில்லை. ஆயினும், அதே வளவில், அதே தட்டில், அதே பக்கமாகச் சாய்ந்த பிளவோடு வேறோர் ஆமை வந்து சேர்வது நம்பத்தக்கதன்று. அந்தப் பற்றைக்காடு அதன் சொந்த வாழிடம். மனிதர் இல்லாத 20 ஆண்டுகளும் அதற்குப் புல்லும் கனியும் நிழலும் அங்கே இருந்தன. நாம்தான் இடம்பெயர்ந்தோம், ஆமை இடம்பெயரவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். சிறுவனின் கையோடு ஒப்பிட்டால், 1984-இல் அந்த ஆமை ஒரு சாண் நீளம் இருந்தது. காட்டில் வளரும் நட்சத்திர ஆமை அந்த அளவை எட்ட, எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் 5 ஆண்டாவது செல்லும். ஆகவே அது 1979-க்குப் பின் பிறந்ததன்று. 2012-இல் அதன் வயது 33-க்குக் குறையாது. அதற்குமேல் எவ்வளவு என்பதற்குச் சான்றில்லை. 40 ஆகவும் இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். இதைத்தான் நான் அந்த மூதாட்டிக்குச் சொன்னேன்.

"அம்மா, இது உங்கள் மகன் வளர்த்த ஆமைதான். வயது 33-க்குக் குறையாது."

அவர் சிறிது நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு இப்ப முப்பத்தெட்டு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

17 என்று சொன்ன அந்த இளம் ஆசிரியர் அருகிலேயே நின்றார். அன்றிலிருந்து அவர் தம் மாணவருக்கு, எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று கேட்கக் கற்பித்தார். ஓர் ஆசிரியருக்கு அது சிறிய ஆதாயமன்று.

நேயர்களே, இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? ஆமையின் வயதை அறிய உறுதியான வழி ஒன்றே: காலத்தோடு எழுதி வைத்தல். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போர்ண் கிராமத்தில் வாழ்ந்த கில்பேட் வைற் என்ற பாதிரியார், 1780-இல் தம் மாமியின் வீட்டிலிருந்து தமக்கு வந்துசேர்ந்த திமொதி என்ற ஆமையைப் பல ஆண்டுகள் கவனித்தார். அது எந்த நாளில் மண்ணுள் புகுந்தது, எந்த நாளில் வெளிவந்தது, நிறை எவ்வளவு என்றெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். ஆணுக்குரிய பெயரால் அழைக்கப்பட்ட அவ்வாமை பெண் என்பது, அது இறந்தபின் ஓட்டை ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. கூடவே வாழ்ந்து கூர்ந்து பார்த்தவருக்கே ஆணா பெண்ணா என்பது தெரியாமற் போயிற்று. ஆனால் அவர் எழுதிவைத்த நாள்களும் நிறைகளும் இன்றும் பயன்படுகின்றன.

நமது நாட்டில் நட்சத்திர ஆமை தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும், வீட்டில் அடைத்து வளர்ப்பதும், விற்பதும் குற்றம். களவாகக் கடத்தப்படும் ஆமைகளுள் இது முன்னணியில் நிற்பதால், 2019-ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சர்வதேச வனவிலங்கு வர்த்தக மாநாடு, இலங்கையும் சேர்ந்து முன்வைத்த கோரிக்கையை ஏற்று, இதனை மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. ஆகவே காட்டிலிருந்து ஆமையைத் தூக்கி வராதீர்கள். ஏற்கெனவே எவர் வீட்டிலாவது அடைபட்டுக் கிடந்தால், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஆனால் உங்கள் வளவுக்குத் தானாக வந்துபோகும் ஆமையைப் பற்றி எழுதிவைக்க எந்தச் சட்டமும் தடையில்லை. வந்த நாளைக் குறியுங்கள். முதுகை நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் எடுங்கள். தட்டுகளின் எண்ணிக்கையையும், பிளவோ வடுவோ இருந்தால் அதையும் வரைந்து வையுங்கள். ஓட்டின் நீளத்தை அளக்க ஓர் எளிய வழி உண்டு: ஆமையின் தலைப்பக்கத்திலும் வாற்பக்கத்திலும் இரண்டு தடித்த புத்தகங்களை நிமிர்த்தி வைத்து, அவற்றின் இடைத்தூரத்தை அளவுகோலால் அளவுங்கள். வளைந்த முதுகின்மேல் நாடாவை வைத்து அளந்தால் நீளம் கூடித் தோன்றும். எழுதிய தாளில் தேதியையும் ஆண்டையும் மறவாதீர்கள். பிறநாடுகளில் சட்டப்படி ஆமை வளர்க்கும் நம்மவர்கள், இந்தக் குறிப்பேட்டை ஆமையோடு சேர்த்தே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். வளர்த்தவருக்குப் பின்னும் வாழக்கூடிய பிராணி அது.

இன்றைக்கு நீங்கள் எழுதும் ஒரு வரி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் யாரோ ஒருவர் கேட்கும் கேள்விக்கு விடையாகலாம். அந்தக் கேள்வி ஆமையைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஆமையை வளர்த்தவரைப் பற்றியதாகவும் இருக்கலாம்.